கல்லாப் போன பனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

நீங்க கேட்டது சுருக்கமா இதுதான்: நாக்பூர் தாண்டி மத்தியப் பிரதேசத்துல சிந்த்வாடா பக்கம் போயிட்டு வந்த ஃப்ரெண்ட் ஒருத்தர் ஒரு கல்லு குடுத்து "இது பனை மரம், கல்லாயிடுச்சு, அப்போ அங்க ட்ராபிக்கல் மழைக்காடு இருந்துச்சு"ன்னு சொல்லிருக்காரு. உங்களுக்கு நம்பிக்கை வரல. பேரீச்சை பாலைவனத்துல நிக்குது, டெல்லி ஜனவரி குளிர்லயும் ஈச்ச மரம் நிக்குது, அப்புறம் ஒரு பனைய வச்சுக்கிட்டு பல கோடி வருஷத்துக்கு முந்தின கிளைமேட்ட எப்படி சொல்றாங்கன்னு கேட்டிருக்கீங்க.

நல்ல கேள்வி, ரெண்டு எதிர் உதாரணமும் சரியான உதாரணம்தான், அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன். நான் செம்பூர்ல இருக்கேன், ஜியாலஜி படிச்சு இருபது வருஷமா அதையே சொல்லிக் குடுத்துட்டு இருக்கேன், சொந்த ஊரு திருச்செந்தூர் பக்கம், அதனால பனை எனக்கு ரெண்டு பக்கமும் சொந்தம்.

முதல்ல விஷயத்த சொல்லிடறேன். பனைன்னு நான் பொதுவா சொல்றது நம்ம பனைமரத்த மட்டும் இல்ல, தென்னை, ஈச்சை, பேரீச்சை எல்லாம் சேந்த மொத்தக் குடும்பத்த. பனை ஃபாசில் ஒரு இடத்துல கெடைச்சா அது முக்கியமா சொல்றது அங்க குளிர்காலம் எப்படி இருந்துச்சுங்கறத. கோடைல எவ்ளோ வெயில், வருஷத்துக்கு எவ்ளோ மழை, இதெல்லாம் அது தனியா சொல்லாது, கூட இருக்கற மத்த சாட்சிங்களையும் கேட்டாத்தான் தெரியும். ஆனா குளிர் விஷயத்துல பனை மாதிரி கறாரான சாட்சி செடி கொடிகள்ல ரொம்பக் கம்மி.

ஏன்னா குருத்து. ஊர்ல தென்னை வச்சிருக்கவங்க யாருக்கும் இத சொல்லித் தர வேண்டியதில்ல. மாமரத்த பாதியோட வெட்டினாலும் பக்கத்துல துளிர் விடும், வேப்ப மரம் அடிமரத்துல இருந்து கூட கிளம்பி வரும், ஆனா பனை தென்னைல உச்சில ஒரே ஒரு குருத்து, காண்டாமிருக வண்டு உள்ள எறங்கி அத தின்னுட்டா அம்பது அடி மரமும் முடிஞ்சுது. கஜா புயல்ல டெல்டால தலை முறிஞ்ச தென்னை ஒண்ணு கூட திரும்ப வரலயே, காரணம் இதுதான். அந்தக் குருத்து தண்ணி நெறைஞ்ச இளசான திசு, அதுக்குள்ள ஐஸ் கட்டினா செல்லெல்லாம் கிழிஞ்சு போகும். குளிர் நாட்டு மரங்க இலைய உதிர்த்துட்டு மொட்ட செதில் போட்டு மூடி மூணு மாசம் தூங்கிடும், பனைக்கு அந்தத் தூக்கமே கெடையாது, வருஷம் முழுக்க ஓலை விட்டுட்டே இருக்கணும். அடிமரத்துலயும் சிக்கல் உண்டு, மத்த மரம் மாதிரி வருஷா வருஷம் புது வளையம் போட்டு புதுக் குழாய் வச்சுக்காது, சின்ன வயசுல போட்ட குழாய்தான் கடைசி வரைக்கும், அது உறைஞ்சு கெட்டுப் போச்சுன்னா ஸ்பேர் இல்ல.

இது கண்ணால பாத்தா நல்லாப் புரியும். போன வருஷம் ஜூலை மழைல எங்க சொசைட்டி காம்பவுண்ட் ஓரம் நின்ன தென்னை ஒண்ணு சாஞ்சிருச்சு, வெட்ட வந்தவங்ககிட்ட கேட்டு ஒரு வட்டத் துண்டு வாங்கி வீட்டுக்கு கொண்டாந்து வச்சேன். ஈரத்தோட பாக்கும்போது வெளிறின சதைக்குள்ள மிளகு தூவினாப்ல பழுப்புப் புள்ளிங்க, வெளிப் பக்கம் நெருக்கமா, உள்ள போகப் போக தள்ளித் தள்ளி, நடுவுல வெறும் சோறு. அந்தப் புள்ளி ஒவ்வொண்ணும் தண்ணியும் சத்தும் போற குழாய்க் கட்டு, அதுக்கு நார் தொப்பி போட்ட மாதிரி ஒரு கவசம். வைரம் வெளிய, சோறு உள்ள. தொல்காப்பியம் மரபியல்ல வெளிய காழ், அதாவது வைரம், இருந்தா புல்லு, உள்ள காழ் இருந்தா மரம்னு பிரிச்சு வச்சிருக்காங்க இல்லையா, இன்னிக்கு பாட்டனில ஒருவித்திலை இருவித்திலைன்னு நாம பிரிக்கறதோட பனை விஷயத்துல அது அப்படியே ஒத்துப் போகுது, பனைய புல்லு பக்கம் வச்சது சரியான கணக்கு. ஊர்ல பனங்கை அறுத்து உத்தரம் போடுவாங்களே, அதுல கருப்பு வரி வரியா ஓடுமே, அதுவும் இதே புள்ளிதான், நீளவாக்குல பாக்கறோம், அவ்ளோதான்.

இந்தப் புள்ளிதான் கல்லுலயும் அப்படியே நிக்குது. என் மேஜைல சிந்த்வாடா பக்கத்து கல்லு ஒண்ணு இருக்கு, எனக்கு பாடம் சொல்லிக் குடுத்தவர் குடுத்தது. காஞ்சு இருக்கும்போது சும்மா சாம்பல் நிறக் கல்லு, ஒரு சொட்டு தண்ணி விட்டு பத்து மடங்கு லென்ஸ வச்சா புள்ளி புள்ளியா எழுந்து வரும், அன்னிக்கு அந்த தென்னைத் துண்டு பக்கத்துல வச்சு என் பொண்ணுகிட்ட காமிச்சேன், ஆறு கோடி வருஷம் இடைவெளின்னு நம்பவே மாட்டேன்னுட்டா. இந்த மாதிரி தண்டுக்கு பால்மாக்ஸிலான்னு பேரு. எந்தப் பனைன்னு உறுதியா தெரியாதப்ப தண்டுக்கு ஒரு பொதுப் பேரு, ஓலைக்கு சபாலைட்டிஸ் மாதிரி வேற ஒரு பேரு.

சரி, இப்ப உங்க டெல்லி கேள்விக்கு வரேன். ராத்திரி 3 டிகிரி போகுதேன்னா, போகுதுதான், ஆனா மதியம் வெயில் அடிச்சு ஏறிடும், ஜனவரி முழுசுக்கும் சராசரி எடுத்தா 13, 14 டிகிரி வரும். பனைக்கு கணக்கு பாக்கறது அந்த சராசரிய, வருஷத்துலயே குளிர்ந்த மாசத்தோட சராசரி. அது ஏறக்குறைய 5 டிகிரிக்கு கீழ போற எடத்துல பனை தானா முளைச்சு, காய்ச்சு, விதை விழுந்து, அடுத்த தலைமுறை வர்றது அரிது. தோட்டத்துல வச்சு சாக்கு சுத்தி காப்பாத்தற மரம் இந்தக் கணக்குல வராது. பெரிய மரம் ஒரு ராத்திரி உறைபனிய தாங்கிடலாம், கன்னு தாங்காது, கன்னு பொழைக்கலன்னா அந்த எடத்துல பனைக் கூட்டம் நிக்காது, ஃபாசிலும் மிஞ்சாது.

விதிவிலக்கு இருக்கு, அதையும் சொல்லிடணும். உத்தராகண்ட்ல குமாவுன் மலைல பித்தோராகட் பக்கம் ட்ரக்கிகார்ப்பஸ்னு ஒரு பனை, 2000 மீட்டருக்கு மேல, பனி விழற காட்டுல நிக்குது. அதோட சீனத்து சொந்தக்காரன தோட்டத்துல வைக்க சுவிட்சர்லாந்துக்கு கொண்டு போனாங்க, இப்ப அங்க தெற்குப் பக்கம் காட்டுக்குள்ள தானாவே முளைச்சுப் பரவுது, குளிர்காலம் லேசாகிட்டு வர்றதுக்கு அதையே அடையாளமா எடுத்து ஆராய்ச்சி பண்ணிருக்காங்க. அதனால "ஏதோ ஒரு பனை"ன்னு மட்டும் தெரிஞ்சா அந்த 5 டிகிரி அளவோட நிறுத்திக்கணும், அதுக்கு மேல பேசக் கூடாது. "இந்தப் பனை"ன்னு தெரிஞ்சாத்தான் மேல பேசலாம்.

அப்படி மேல பேச விடற பனைன்னா நைபா. பாத்திருக்கீங்களான்னு தெரியல, சுந்தரவனத்துல இருக்கு, அந்தமான்ல இருக்கு, தண்டு சேத்துக்குள்ள படுத்துக்கிட்டு ஓலை மட்டும் நேரா மேல நிக்கும், வங்காளத்துல கோல்பாதான்னு கூரைக்குப் போடுவாங்க. காய் கொத்து கொத்தா ஃபுட்பால் சைஸ்ல உருண்டையா இருக்கும், உள்ள இருக்கற பருப்பு நுங்கு மாதிரியே, சிங்கப்பூர் மலேசியால ஐஸ் கச்சாங்ல அட்டாப் சீன்னு போடறது அதுதான். இது உப்புத் தண்ணியும் நல்ல தண்ணியும் கலக்கற கழிமுகத்த விட்டு நகராது, வருஷம் முழுக்க வெதுவெதுப்பு வேணும். இதோட மகரந்தம் கூட தனி அடையாளம், முள்ளு முள்ளா இருக்கும், நடுவுல சுத்தி ஒரு வெட்டு, பாதி பாதியா பிரிஞ்சு கெடக்கும், மைக்ராஸ்கோப்ல ஒரு தடவை பாத்தவங்க மறக்க மாட்டாங்க.

இந்த நைபாவோட காய் லண்டன் பக்கத்துல ஷெப்பி தீவுக் களிமண்ல குவியல் குவியலா கெடைச்சிருக்கு. வயசு சுமார் 5 கோடி வருஷம். ரீட், சாண்ட்லர்னு ரெண்டு பெண் ஆராய்ச்சியாளருங்க 1933-ல அந்த லண்டன் களிமண் தாவரங்கள முழுசா எழுதி வச்சாங்க. காய் மட்டும்னா கடல்ல மெதந்து வந்திருக்கலாம்னு நீங்க சொல்லலாம், நியாயம்தான், ஆனா அதே களிமண்ல கூடவே வெப்ப நாட்டுக் கொடி, மரம்னு ஏகப்பட்ட இனங்களோட விதையும் பழமும் கெடைக்குது, ஒரு காடு முழுசும் மெதந்து வராது.

இப்ப உங்க ஃப்ரெண்டோட கல்லுக்கு வருவோம், எனக்கு ரொம்பப் பிடிச்ச எடம் இது. நாம பாம்பேல நிக்கற தரையே எரிமலைக் குழம்பு, தெரியும்ல, அந்தேரி கில்பர்ட் ஹில் தூண் தூணா நிக்குதே அது உட்பட. தக்காணத்துல 6.6 கோடி வருஷத்துக்கு முன்ன எரிமலைக் குழம்பு அடுக்கடுக்கா ஓடிச்சு, ஆனா நிக்காம ஓடல, ஒரு அடுக்குக்கும் அடுத்த அடுக்குக்கும் நடுவுல ஆயிரக்கணக்கான வருஷ இடைவெளி, அந்த இடைவெளில பாறை மண்ணாகி, பள்ளத்துல ஏரி கட்டி, காடு வந்து, மறுபடி குழம்பு வந்து மூடிச்சு. அந்த நடு அடுக்குதான் இன்டர்ட்ராப்பியன். பாம்பே ஒர்லில 19-ம் நூற்றாண்டுலயே இந்த அடுக்குல குட்டித் தவளை ஃபாசில் எடுத்தாங்க, இப்ப மேல பூரா பில்டிங். எரிமலைப் பாறைலயும் சாம்பல்லயும் இருந்து கரைஞ்ச சிலிக்கா தண்ணியோட சேந்து ஏரில விழுந்த மரத்துக்குள்ள ஊறி, செல்லு செல்லா நெறைஞ்சு, அழுகறதுக்கு முன்னாடியே கல்லாக்கிடுச்சு. அதனாலதான் அந்த அளவு நுணுக்கம், குழாய் சுவர் கூட தெரியும்.

சிந்த்வாடா மாவட்டத்துல மொகாவ்கலான்னு ஒரு ஊரு, ஃபாசில் பாட்டனி படிச்சவங்களுக்கு அது தீர்த்த ஸ்தலம். 1930-கள்ல இருந்தே அங்க நைபா காய் எடுத்திருக்காங்க. லக்னோல இன்ஸ்டிட்யூட் ஆரம்பிச்ச பீர்பல் சாஹ்னி 1946-ல இந்த இன்டர்ட்ராப்பியன் அடுக்குல கெடைச்ச ஒரு தண்ட தென்னை மாதிரி இருக்குன்னு சொல்லி பால்மாக்ஸிலான் சுந்தரம்னு பேரு வச்சாரு, அது நிஜமாவே தென்னையோட மூதாதையான்னு உறுதியா சொல்ல தண்டு மட்டும் பத்தாது, ஆனா அந்தப் பேரு எனக்கு எப்ப படிச்சாலும் நெஞ்ச தொடும், கல்ல பாத்து சுந்தரம்னு சொல்லத் தோணின மனுஷன் அவரு. அதே மாநிலத்துல டிண்டோரி மாவட்டத்துல குகுவான்னு ஒரு எடம், 1983-ல தேசியப் பூங்கா ஆக்கினாங்க, அங்கயும் பனைத் தண்டு நெறைய.

இதுல ஒரு விஷயத்த நிறுத்தி யோசிக்கணும். அப்போ இந்தியா இப்ப இருக்கற எடத்துல இல்ல, நிலநடுக்கோட்டுக்கு தெற்க ஒரு பெரிய தீவு மாதிரி வடக்க நகந்துட்டு இருந்துச்சு. அதனால அங்க உறைபனி இல்லன்னு பனை சொல்றது பெரிய ஆச்சரியம் இல்ல. ஆச்சரியம் நைபா. இன்னிக்கு சிந்த்வாடால இருந்து கடலுக்குப் போகணும்னா எந்தப் பக்கமும் பல நூறு கிலோமீட்டர், ஆனா அன்னிக்கு அங்க கழிமுகச் சேறு இருந்திருக்கு, கடல் ஒரு கை நீட்டி உள்ள வந்திருக்கு. காத்து அறை நெறைஞ்ச பனை வேரும் கல்லாக் கெடைக்குது, தண்ணி தேங்கின மண்ல வளர்ற வேருக்குத்தான் அப்படி காத்துக் குழி பெருசா இருக்கும். பேரீச்சை கேள்விக்கும் பதில் இங்கதான் இருக்கு: பேரீச்சை தலைல வெயில் வாங்கினாலும் வேர் நிலத்தடித் தண்ணில இருக்கும், மேல மழை பெய்யணும்னு இல்ல, அதனால தண்டு கெடைச்சது "மழைக்காடு"ன்னு சொல்ல பத்தாது. உங்க ஃப்ரெண்டு சொன்னதுல அந்த ஒரு வார்த்தைதான் அவசரம். வேர், காய், மகரந்தம், பக்கத்துல கெடந்த மத்த மரத்தோட வளையம், எல்லாம் சேந்து பேசினாத்தான் மழை தெரியும். பனைல வளையமே கெடையாதுங்கறதால மழைக்காலம் வெயில்காலம்னு மாறி மாறி வந்துச்சாங்கறத அதுகிட்ட கேக்கவே முடியாது.

இன்னொண்ணு, பனை நல்ல தெர்மாமீட்டர், ஆனா கடிகாரம் இல்ல. சாஹ்னியே 1934-ல இந்தத் தாவரங்கள வச்சு, லண்டன் களிமண்ல நைபா இருக்கறதயும் பாத்து, தக்காணப் பாறை டைனோசர் காலத்துக்கு அப்புறம் வந்ததுன்னு வாதாடினாரு. பின்னாடி கதிரியக்க முறைல வயசு பாத்தப்ப சரியா அந்த ரெண்டு காலமும் சந்திக்கற எல்லைல, 6.6 கோடில வந்து நின்னுச்சு.

பனை சாட்சி எவ்ளோ பலமானதுங்கறதுக்கு அமெரிக்கால நடந்தத சொல்றேன். வயோமிங்ல ஃபாசில் பியூட்னு ஒரு எடம், சுமார் 5.2 கோடி வருஷத்து ஏரிப் படிவு, அங்க ஆள் உயரத்துக்கு பனை ஓலை, மடிப்பு மடிப்பா, விசிறி விரிச்ச மாதிரி பாறைல பதிஞ்சு கெடைக்குது, பக்கத்துலயே முதலை. இன்னிக்கு அங்க ஜனவரில பூஜ்யத்துக்கு ரொம்பக் கீழ. 1990 வாக்குல கம்ப்யூட்டர் மாடல் ஓட்டினவங்க கண்டத்தோட நடுப்பகுதி குளிர்காலத்துல உறைஞ்சே ஆகணும், கடல் தள்ளி இருக்கு, வேற வழியே இல்லன்னாங்க. விங், க்ரீன்வுட்னு ரெண்டு பேரு 1993-ல செடிங்கள வரிசையா எடுத்து வச்சு, உறைஞ்சிருந்தா இந்தப் பனை எங்க இருந்து வந்துச்சுன்னு கேட்டாங்க. ஓலை பாறைல கெடக்கு, அத மறுக்க முடியாது, அதனால மாடலத்தான் மாத்த வேண்டி வந்துச்சு, கார்பன் டை ஆக்ஸைடு அளவு, மேகம் எப்படி வெப்பத்த பிடிச்சு வைக்குதுங்கறது எல்லாத்தையும் திரும்பப் பாத்தாங்க. இன்னிக்கு எதிர்காலத்துக்கு கணக்குப் போடற மாடல் சரியா இருக்கான்னு சோதிக்கறதுக்கும் அந்தக் காலத்து வெப்பத்த அது திருப்பிக் காட்டுதான்னு பாக்கறாங்க.

அதையும் தாண்டினது ஆர்க்டிக். 2004-ல வட துருவத்துக்குப் பக்கத்துல கடலடில துளை போட்டு மண் எடுத்தாங்க, அதுல சுமார் 5.35 கோடி வருஷத்துக்கு முந்தின ஒரு திடீர் வெப்பக் காலத்து அடுக்குல பனை மகரந்தம் கெடைச்சுது, 2009-ல வெளியிட்டாங்க. மாசக்கணக்கா சூரியனே வராத இருட்டுல ஒரு பனை உயிரோட நின்னிருக்கு, யோசிச்சுப் பாருங்க. மகரந்தம் தெற்க இருந்து காத்துல பறந்து வந்திருக்கலாமேன்னு உடனே தோணும், ஆனா பனை மகரந்தம் பைன் மரத்தோடது மாதிரி ஆயிரம் மைல் பறக்கற சரக்கு இல்ல, பெரும்பாலான பனைக்கு வண்டும் ஈயும் தேனீயும்தான் சுமந்துட்டுப் போகணும், அதோட அதே மண்ல இருந்த பாக்டீரியா கொழுப்பு மூலக்கூறுகள வச்சு தனியா பாத்த வெப்பநிலையும் அங்க நல்ல வெதுவெதுப்புன்னே சொல்லுது. குளிர்ந்த மாசத்துலயும் சராசரி 8 டிகிரிக்கு மேலன்னு கணக்கு. 5-ல இருந்து 8 ஆனதுக்கும் காரணம் இருக்கு, காத்துல கார்பன் டை ஆக்ஸைடு கூடினா செடிங்க உறைபனிய தாங்கற சக்தி குறையுதுன்னு செடி வளத்து சோதிச்சுப் பாத்திருக்காங்க, அந்தக் காலத்துல அந்த வாயு ரொம்ப அதிகம், அதனால அந்தப் பனைக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல் வெதுவெதுப்பு வேண்டியிருந்திருக்கும். தெற்கயும் இதே கதை: 2010-ல அன்டார்டிகா வில்க்ஸ் லேண்ட் கடலோரம் துளை போட்டதுல அதே காலத்து பனை மகரந்தம், கூடவே நம்ம இலவ மரத்தோட சொந்தக்கார மரங்களோட மகரந்தம், 2012-ல வெளியானப்ப குளிர்காலமே 10 டிகிரிக்கு மேலன்னு சொன்னாங்க.

அப்புறம் சுமார் 3.4 கோடி வருஷத்துக்கு முன்ன அன்டார்டிகால பனிப்பாறை கட்ட ஆரம்பிச்சு பூமி குளிர்ந்தப்ப பனைங்க பின்வாங்கிச்சு. ஆப்பிரிக்கா நிலப்பரப்புல இன்னிக்கு 70 இனத்துக்கும் கம்மி, பக்கத்துல மடகாஸ்கர் தீவுல மட்டும் 200 வாக்குல. நம்ம கேரளாலயும் இழப்பு உண்டு, கொல்லத்தோட பழைய இங்கிலீஷ் பேரான குயிலோன்ங்கறத வச்சே குயிலோனிபொலினைட்டிஸ்னு ஒரு ஃபாசில் மகரந்தம் இருக்கு, அதுக்கு சொந்தமான பனை வகை இன்னிக்கு மலேசியா, போர்னியோ பக்கம்தான் இருக்கு.

உயரத்துக்கும் பனை சாட்சி சொல்லும், இது பலருக்குத் தெரியாது. திபெத்துல லுன்போலா படுகைல 4600 மீட்டருக்கு மேல, சுமார் 2.5 கோடி வருஷத்து பாறைல பெரிய பெரிய பனை ஓலை கெடைச்சு 2019-ல வெளியிட்டாங்க. மேல ஏற ஏற குளிரும், அந்தக் காலத்துக் குளிர்காலக் கணக்க வச்சுப் பாத்தா அந்தப் பனை 2.3 கிலோமீட்டருக்கு மேல பொழைச்சிருக்கவே முடியாது, அப்போ அந்தப் பள்ளத்தாக்கு அவ்ளோ தாழ்வா இருந்து பின்னாடிதான் தூக்கிட்டு வந்திருக்கு. லடாக்லயும் பனை ஓலை ஃபாசில் எடுத்திருக்காங்க.

தமிழ்நாட்டுல பாக்கணும்னா திண்டிவனம் பக்கத்துல திருவக்கரை போங்க, கல் மரப் பூங்கா. அங்க பெரும்பாலும் வேற மரங்க, ஆனா அந்த கடலூர் மணற்கல் அடுக்குல இருந்து ஆற்காடு பேர வச்சே பால்மாக்ஸிலான் ஆர்க்கோடென்ஸ்னு ஒரு பனையும் விவரிச்சிருக்காங்க. பெரம்பலூர் சாத்தனூர் கல்மரத்த மட்டும் பனைன்னு நெனச்சுடாதீங்க, அது ஊசியிலை மரம், பனைங்க தலையெடுக்கறதுக்கு முந்தின காலம்.

உங்க கல்ல இப்படிப் பாருங்க. நல்லா கழுவி, ஈரத்தோட வெயில்ல வச்சு லென்ஸ்ல பாருங்க, வெட்டுமுகத்துல தனித்தனியா புள்ளி, பக்கவாட்டுல நீளக் கோடு, வளையம் எங்கயும் இல்லன்னா அது பனையா இருக்க வாய்ப்பு அதிகம். வளையமும் நடுவுல இருந்து வெளிய ஓடற கதிர்க் கோடும் இருந்தா வேற மரம். பாலிஷ் போடக் குடுக்காதீங்க, ஆசிட்ல முக்காதீங்க. உங்க ஃப்ரெண்டுகிட்ட எந்த கிராமம், எந்த வயல், தரைல கெடந்துச்சா இல்ல பாறைல பதிஞ்சு இருந்துச்சான்னு இன்னிக்கே கேட்டு ஒரு சீட்டுல எழுதி கல்லோட கட்டி வைங்க, எடம் தெரியாத ஃபாசில் பாதிக் கதைய தொலைச்சுடும். அந்தப் பக்கம் வயல் வரப்புலயே இந்தக் கல்ல அடுக்கி வச்சிருப்பாங்க, அடுத்த தடவை போறவரு எடுத்துட்டு வராம, பக்கத்துல ஒரு பேனாவ வச்சு போட்டோ எடுத்து லொகேஷனோட அனுப்பச் சொல்லுங்க, உங்க கல்லோட போட்டோவும் போடுங்க, ஈரமா வெட்டுமுகத்துல ஒண்ணு, பக்கவாட்டுல ஒண்ணு, பாத்துட்டு சொல்றேன்.